லோபோட்டமி கார்ப்பரேஷன், 23-வது நாள்: மொத்த மாடியும் காலி. தப்பு என்மேலயா, கேம்மேலயா?

#1 கண்ணாடிப்பெட்டி

வணக்கம் மக்களே. ரெண்டு வாரமா இந்த கேம்லயே விழுந்து கிடக்கேன். தெரியாதவங்களுக்கு: நிலத்தடியில ஒரு கம்பெனி, அறை அறையா ஜந்துகளை அடைச்சு வெச்சிருக்கு. நாம மேனேஜர். நேர்ல போகமாட்டோம், திரையில பார்த்து ஏஜென்ட்டை அனுப்புவோம். அவங்க உள்ள போய் நாலு வகை வேலையில (இன்ஸ்டிங்க்ட், இன்சைட், அட்டாச்மென்ட், ரிப்ரெஷன்) ஒண்ணைச் செய்வாங்க. ஜந்துக்கு மனசு குளிர்ந்தா எனர்ஜி கிடைக்கும். அன்னைக்குத் தேவையான எனர்ஜி சேர்ந்தா நாளை முடிச்சுக்கலாம். கிட்டத்தட்ட தினமும் ஒரு புது ஜந்து. மொத்தம் 50 நாள்.

எனக்கு நானே ரெண்டு விதி போட்டுக்கிட்டேன். விக்கி பார்க்கக்கூடாது. அன்னைக்கு நாளைத் திரும்ப ஆடக்கூடாது. செத்தவன் செத்தவன்தான்.

22 நாள் ஓடுச்சு. நேத்து ஒரு குட்டி வெள்ளைப் பறவை ரூமை விட்டு வெளிய வந்து வராந்தாவுல சுத்த ஆரம்பிச்சுது. கொத்துனா நகத்தால கீறின மாதிரிதான் அடி விழுது. நான் என்ன பண்ணேன்? அலாரம் அடிச்சதும் ஐஞ்சு பேரை ஓட விட்டு அடிக்கச் சொன்னேன். ஒரு அடிதான் விழுந்துச்சு. வயிறு ரெண்டா பிளந்து உள்ள சிவப்பா ஒரு வாய். என் நம்பர் ஒன் ஏஜென்ட், முதல் நாள்ல இருந்து கூட இருந்தவர், ஒரே கடியில போனார்.

அதுக்கப்புறம் சீட்டுக்கட்டு சரிஞ்ச கதை. பக்கத்துல நின்னவனுக்குப் புத்தி பேதலிச்சு, கையில இருந்த ஆயுதத்தைக் கூட்டாளி மேலயே தூக்கிட்டான். கிளார்க்குங்க ஒவ்வொருத்தரா விழுந்தாங்க. எங்கிருந்தோ பெரிய பறவையும் வெளிய வந்துடுச்சு. அந்த விளக்கைத் தூக்கிட்டு நடக்குமே, அதேதான். என் ஆளுங்க தானா அது பக்கம் நடந்து போறாங்க. நான் கட்டளை குடுத்தா கேக்கவே இல்ல.

17 பேர்ல 3 பேர் மிச்சம். மூணு பேரும் புதுசு. இப்ப சொல்லுங்க, இதை நான் எப்படி முன்கூட்டியே தெரிஞ்சுக்கறது?


#2 மூணாவது_ஷிஃப்ட்

குட்டிப் பறவைக்கு ஐஞ்சு பேரா 😂 தல, நானும் அதே. நான் ஏழு பேர்.

ரீட்ரை பட்டன்னு ஒண்ணு இருக்கு, அமுக்குங்க. விரதம் எல்லாம் எதுக்கு.


#3 எதிர்க்கட்சி

நண்பரே, தப்பு கேம்மேலதான். நாலு பேர் வந்து "அதுதான் அதோட அழகு"ன்னு சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லிடறேன்.

டார்க்கெஸ்ட் டன்ஜன் ஆடியிருக்கீங்களா? அதுலயும் ஆள் நிரந்தரமா சாவான், அதுவும் ஈவு இரக்கம் இல்லாத கேம்தான். ஆனா உள்ள போறதுக்கு முன்னாடி பாதை எவ்வளவு நீளம், எவ்வளவு கஷ்டம்னு தெரியும். டார்ச் அணைய அணைய ஆபத்து ஏறும்னு தெரியும். தெரிஞ்சே போறோம், மாட்டிக்கிறோம். அது முடிவு. இங்க? மூணு குறியீடும் மூணு வரி வாசகமும் காட்டி "ஒண்ணை எடு"ங்கறான். ரூமுக்குள்ள வந்தப்புறம் எந்த வேலை பிடிக்கும், எதுல ஆள் சாவான்னு ஒண்ணும் எழுதியிருக்காது. இது முடிவு இல்ல, குலுக்கல் சீட்டு. குலுக்கல்ல தோத்தா பயம் வராது, எரிச்சல்தான் வரும்.


#4 பழைய_கோப்பு

தம்பி கண்ணாடிப்பெட்டி, பதில் சொல்வதற்கு முன் ஒன்று கேட்கிறேன். இதுவரை என்னென்ன உங்கள் கட்டடத்தில் இருந்தன? முழுப் பட்டியலும் கொடுங்கள். அதில் இல்லாததைப் பற்றி யாரும் வாயைத் திறக்க வேண்டாம்.


#5 மட்டுறுத்துநர்

மேலே சொன்னதை இழையின் விதியாகவே வைத்துக்கொள்ளலாம். இழை தொடங்கியவர் சந்திக்காத ஜந்துக்களும் கதையின் முடிவும் இங்கே பேசப்படக் கூடாது. மீறினால் பதிவு நீக்கப்படும்.


#6 கண்ணாடிப்பெட்டி

நன்றி மாடரேட்டர். கதை வேண்டாம், சிஸ்டம் பத்தி பொதுவா பேசினா பரவாயில்ல.

பட்டியல், ஞாபகம் இருக்கற வரைக்கும்: ஒன் சின் (அந்த மண்டையோடு. ஒண்ணுக்கும் உதவாது, சும்மா தொங்கிட்டு இருக்கு), ஃபேரி ஃபெஸ்டிவல், ஹேப்பி டெடி, ஸ்பைடர் பட், பியூட்டி அண்ட் த பீஸ்ட், ஸ்கார்ச்ட் கேர்ள், குவீன் ஆஃப் ஹேட்ரட், டோன்ட் டச் மீ, ரெண்டு பறவை. இன்னும் சிலது இருக்கு, அதுங்க தொந்தரவு பண்ணல.

டெடி ஒருத்தரைக் கொன்னுது. ஃபேரி ஒருத்தரை. ஸ்பைடர் ஒருத்தரை. டோன்ட் டச் மீயை நான் தொட்டேன், வேற எதுவும் கேக்காதீங்க.


#7 மூணாவது_ஷிஃப்ட்

பேர்லயே "தொடாதே"ன்னு எழுதியிருக்கே தல


#8 கண்ணாடிப்பெட்டி

அதனாலதான் தொட்டேன்.


#9 பழைய_கோப்பு

இப்போது பேசலாம். எதிர்க்கட்சி சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், மீதியை மறுக்கிறேன்.

நீங்கள் கொடுத்த பட்டியலை வேறு விதமாகப் படித்துப் பாருங்கள். ஹேப்பி டெடி எப்போது கொல்லும்? ஒரே ஏஜென்ட்டை அடுத்தடுத்து இரண்டு தடவை அனுப்பினால். கட்டிப்பிடித்தே கொன்றுவிடும். ஏன் ஒரே ஆளை அனுப்பினீர்கள்? அவர் அந்த வேலையில் கெட்டிக்காரர், போன தடவை நல்ல எனர்ஜி வந்தது, அதனால். நிர்வாக விளையாட்டு எதுவாக இருந்தாலும் நாம் பழகி வைத்திருக்கும் முதல் பாடம் அதுதான்: நன்றாகச் செய்கிறவனிடமே வேலையைக் கொடு.

ஃபேரி ஃபெஸ்டிவல் ஆபத்தே இல்லாத ஸாயின் வகுப்பு. வேலை முடித்தவர் மேல் தேவதைகள் வந்து மொய்த்துக்கொண்டு காயத்தை ஆற்றும். "அட, இலவச வைத்தியம்" என்று அந்த ஆளை உடனே அடுத்த அறைக்கு அனுப்புகிறோம். அங்கே போய் வேலையைத் தொட்டதும் அதே தேவதைகள் அவரைத் தின்றுவிடும். சும்மா இருக்கிற ஆளைச் சும்மா விடக்கூடாது என்ற மேனேஜர் புத்திக்கு விழுந்த அடி அது.

பியூட்டி அண்ட் த பீஸ்ட்டுக்கு ரிப்ரெஷன் வேலையை அடுத்தடுத்து இரண்டு தடவை செய்தால் அது செத்துப்போகும், செய்தவர் அடுத்த மிருகமாகிவிடுவார். ஒரு தடவை பலித்ததை மறு தடவையும் செய்கிற பழக்கம். குவீன் ஆஃப் ஹேட்ரட் இன்னும் விசித்திரம். உலகத்தைக் காப்பாற்ற வந்த மாயப்பெண் அவள். கட்டடத்தில் கலவரம் என்றால் தானே இறங்கி வந்து உதவுவாள். நீண்ட நேரம் யாரும் சாகாமல் எல்லாம் அமைதியாக இருந்தால் அவளுக்குத் தான் எதற்கு இருக்கிறோம் என்றே தெரியாமல் போய், மனம் முறிந்து, அவளே அரக்கியாகிவிடுவாள். நிர்வாகம் சரியாக நடப்பதே அவளுக்கு நோய்!

குட்டிப் பறவை? அலாரம் அடித்தால் இருக்கிற படை முழுவதையும் அனுப்பும் பழக்கம். அதை அடிக்காமல் விட்டிருந்தால் கொத்திவிட்டுப் போயிருக்கும்.

ஆக இது குலுக்கல் இல்லை. ஒவ்வொரு ஜந்தும் மேனேஜர் ஒருவரின் ஒரு வழக்கத்தைக் குறிபார்த்துச் செய்யப்பட்ட கண்ணி. எனக்கு இந்த விளையாட்டு பிடித்ததே அதனால்தான். இரத்தமும் சதையும் எந்தப் பேய் விளையாட்டிலும் கிடைக்கும். நம் கெட்டிக்காரத்தனத்தையே பிடித்து இழுத்து நம்மைக் கவிழ்ப்பது வேறு எதிலும் இவ்வளவு சுத்தமாக நான் பார்க்கவில்லை.

இன்னொரு கண்ணி இருக்கிறது. எல்லாவற்றிலும் அழகானது அதுதான். உங்கள் பட்டியலில் இல்லை, சொல்ல மாட்டேன். அந்த மண்டையோட்டை மட்டும் ஏளனமாகப் பேசாதீர்கள்.


#10 எதிர்க்கட்சி

ஐயா, அழகா சொல்லிட்டீங்க. ஆனா அழகா சொன்னதாலயே அது நியாயம் ஆயிடாது. கண்ணின்னா பார்த்தா தப்பிக்கற மாதிரி ஒரு நூலாவது தெரியணும். டெடி ரெண்டாவது தடவை கட்டிப்பிடிக்கும்னு முதல் தடவைக்கு முன்னாடி யாருக்குத் தெரியும்? முதல் ஆள் கட்டாயம் செத்தாகணும். அந்த முதல் ஆள் விஷயத்துல எனக்குத் தேர்வே இல்ல.

ஸ்பைடர் பட் எடுத்துக்கோங்க. இன்சைட் வேலைன்னா சுத்தம் பண்றது, கவனிக்கறதுன்னு நினைச்சு அனுப்பறோம். தாய்ச்சிலந்தி நூல்ல சுத்தித் தொங்க விட்டுடுது. இதுல என்ன மேனேஜர் புத்தி? சும்மா ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்தேன், செத்தான்.


#11 மூணாவது_ஷிஃப்ட்

குழந்தைங்க படுத்திருக்கற ரூம்ல போய் பெருக்குனா அம்மாவுக்குக் கோவம் வராதா


#12 எதிர்க்கட்சி

சரி, அது ஒண்ணு ஒத்துக்கறேன் 😄


#13 பழைய_கோப்பு

"முதல் ஆள் கட்டாயம் செத்தாகணும்." இந்த வரியைப் பிடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

இதைச் செய்தது தென்கொரியாவின் ப்ராஜெக்ட் மூன் என்ற சிறிய குழு. 2016 டிசம்பரில் ஏர்லி ஆக்சஸாக வந்தது, 2018 ஏப்ரலில் முழுமையானது. எஸ்.சி.பி.யின் தாக்கம் உண்டு என்று, விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தின் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். எஸ்.சி.பி. தெரியாதவர்களுக்கு: 2007-இல் பெயரில்லாத ஒருவர் ஓர் இணையப் பலகையில் போட்ட ஒரே ஒரு கோப்பிலிருந்து, கண் சிமிட்டினால் கழுத்தை முறிக்கும் சிலை ஒன்றைப் பற்றிய அறிக்கையிலிருந்து, முளைத்த கூட்டுப் புனைகதைத் தொகுப்பு அது. அடுத்த ஆண்டு அதற்கென விக்கி வந்தது. பிறகு ஆயிரக்கணக்கில் கோப்புகள். 2012-இல் அந்தச் சிலையை வைத்தே கன்டெய்ன்மென்ட் பிரீச் என்ற இலவச விளையாட்டும் வந்தது. அதில் நீங்கள் கூண்டுக்குள் மாட்டிய கைதி.

எஸ்.சி.பி. கோப்பைத் திறந்தால் முதலில் இருப்பது எப்படி அடைத்து வைப்பது என்ற நடைமுறை. எத்தனை பேர் உள்ளே போக வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று. ஜந்து எப்படி இருக்கும் என்பது அதற்குக் கீழேதான். அந்த நடைமுறையைப் படிக்கும்போதே நமக்கு உறுத்தும்: இந்த விதியை எழுதுவதற்கு முன் எத்தனை பேர் செத்திருப்பார்கள்? கோப்பு அதைச் சொல்லாது. நாமே ஊகித்துக்கொள்வோம், பயம் அங்கேதான் பிறக்கும்.

லோபோட்டமி கார்ப்பரேஷன் அந்தத் தாளைத் தலைகீழாகத் திருப்பிவிட்டது. ஜந்து முதலில் வருகிறது, நடைமுறை இருக்க வேண்டிய இடம் வெற்றுத்தாள். ஒவ்வொரு வரியையும் நீங்கள் எனர்ஜிப் பெட்டி கொடுத்துத்தான் திறக்க வேண்டும், அந்தப் பெட்டியைச் சேர்க்க ஆளை உள்ளே அனுப்பியாக வேண்டும். டெடியின் கோப்பைத் திறந்து "ஒரே ஊழியர் தொடர்ந்து..." என்ற வரியைப் படிக்கும்போது, அந்த வரிக்கு யார் விலை கொடுத்தார் என்று உங்களுக்குத் தெரியும். பெயரும் தெரியும். முடியின் நிறம்கூட நீங்கள் தேர்ந்தெடுத்ததுதானே?

ஆகவே நண்பர் எதிர்க்கட்சி கேட்கும் நியாயம் இந்த விளையாட்டில் இல்லை. இருந்தால் இது வேறு விளையாட்டு.


#14 மருந்துப்பெட்டி

இடையில நுழையறதுக்கு மன்னிக்கணும், நான் மருந்தியல் படிக்கிறவள். இந்த கேம்ல எடுக்கற எனர்ஜிக்கு என்கெஃபலின்னு பேர் வெச்சிருக்காங்கல்ல, அது நிஜமாவே இருக்கு. 1975-ல ஜான் ஹியூஸ், ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ்னு ரெண்டு பேர் ஸ்காட்லாந்துல இருக்கற அபர்தீன்ல பன்றி மூளையில இருந்து பிரிச்சு எடுத்தாங்க. ஐஞ்சே ஐஞ்சு அமினோ அமிலம் சேர்ந்த குட்டி மூலக்கூறு. மார்ஃபின் போய் உட்கார்ற அதே பூட்டுல நம்ம உடம்பு தானே தயாரிச்சு வெச்சிருக்கற சாவி. வலியை அடக்கும்.

லோபோட்டமிங்கறதும் கற்பனை இல்ல. மூளையோட முன்பகுதி நரம்பு இணைப்பை அறுக்கற சிகிச்சை, 1935-ல போர்ச்சுகல்ல எகாஸ் மோனிஸ் தொடங்கினது. 1949-ல அதுக்கு நோபல் பரிசே குடுத்தாங்க. வலி தெரியாம பண்றேன், அமைதி ஆக்கறேன்னு சொல்லி ஆளையே இல்லாம பண்ணின கதை. வலி நிவாரணிப் பேரை எரிபொருளுக்கும் அந்த அறுவை சிகிச்சைப் பேரை கம்பெனிக்கும் வெச்சவங்க சும்மா வெச்சிருக்க மாட்டாங்க.

(கேம்ல நான் இன்னும் 9-வது நாள்தான். டெடி வந்திருக்கு, இப்ப பயமா இருக்கு அண்ணா.)


#15 மூணாவது_ஷிஃப்ட்

ஸாயின், தெத், ஹே, வாவ், அலெஃப் எல்லாம் ஹீப்ரூ எழுத்துங்க. அலெஃப் முதல் எழுத்து, அதுதான் இதுல உச்சக்கட்ட ஆபத்து. துறைக்கெல்லாம் தலைவரா இருக்கற செஃபிரா பேருங்க, யூத மறைஞான மரபான கபாலாவுல வர்ற மரத்துல இருந்து எடுத்தது. கிளிஃபோத்னா அதே மரபுல ஓடு, உமி மாதிரி. ஜந்து ரூம்ல இருக்கற கிளிஃபோத் கவுண்ட்டர் பூஜ்யம் ஆச்சுன்னா ஓடு உடைஞ்சு உள்ள இருக்கறது வெளிய வரும். நானும் படிச்சவன்தான்னு காட்டிக்கலாம்னு சொன்னேன்.


#16 நள்ளிரவு_மேனேஜர்

மூணு வருஷமா எட்டிப் பார்த்துட்டுப் போறவன், இன்னைக்குத்தான் எழுதறேன். நான் முடிச்சிட்டேன், முடிவைச் சொல்ல மாட்டேன்.

எல்லாரும் ஜந்தைப் பத்தியே பேசறீங்க. என்னைத் தூங்க விடாதது ஒரு தோட்டா.

போகப் போக மேனேஜருக்குச் சில தோட்டாக்கள் கிடைக்கும், தம்பிக்குச் சிலது வந்திருக்கும். காயம் ஆத்தறது, மனநிலை ஆத்தறது, சிவப்பு, வெள்ளை, கருப்பு, வெளிறின அடின்னு ஒவ்வொண்ணுக்கும் கேடயம். மேல இருந்து ஆள் மேல சுட்டா அவனுக்கு உதவி. அந்த வரிசையிலயே, அதே சைஸ் ஐகான்ல, கொலைத் தோட்டான்னு ஒண்ணும் இருக்கு. அது நம்ம ஊழியருக்குத்தான்.

எதுக்குன்னு முதல்ல புரியல. அப்புறம் ஒரு நாள் புரிஞ்சுது. மனநிலை பூஜ்யம் ஆனா ஏஜென்ட் எப்படி உடைவான்ங்கறது அவனோட எந்தக் குணம் ஓங்கியிருக்குன்னு பார்த்து. உடல் உறுதி ஓங்கினவன் கொலை செய்யக் கிளம்புவான். நிதானம் ஓங்கினவன் தன்னையே முடிச்சுக்குவான். சிலர் சும்மா அலைவாங்க. நீதி ஓங்கினவன் போய் ஜந்துங்க ரூமைத் திறந்து விட ஆரம்பிப்பான், அதுதான் எல்லாத்துலயும் மோசம். நல்லவனா வளர்த்ததே நாம, உடையும்போது அந்த நல்ல குணம்தான் திரும்பி நம்மைக் கடிக்கும். வெள்ளை அடி குடுக்கற ஆயுதத்தால அவனை அடிச்சா புத்தி திரும்பும். ஆனா அதுக்கு ஆளும் நேரமும் வேணும்.

எனக்கு அன்னைக்கு ரெண்டும் இல்ல. மூணு ரூம்ல மெல்ட்டவுன் நேரம் ஓடிட்டு இருக்கு, அதுக்குள்ள ஆளை அனுப்பி வேலை பார்க்கலன்னா ஜந்து கைமீறிடும். இவ ஒருத்தி ஒரு கதவை நோக்கிப் போறா. ஸ்பேஸ் தட்டி நிறுத்தினேன். தோட்டா ஐகான் மேல மவுஸை வெச்சுட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். 12-வது நாள்ல சேர்த்தவ. முடியை நீலமா வெச்சிருந்தேன், கூடவே ஒரு கிஃப்ட் (ஜந்துகிட்ட இருந்து கிடைக்கற அணிகலன்), ஸ்கார்ச்ட் கேர்ள்கிட்ட வேலை பார்த்து வந்தது. நிறுத்தி வெச்சா மூச்சு விடற அசைவுகூட இருக்காது, சும்மா சிலை மாதிரி காலைத் தூக்கிட்டு நிப்பா.

சுட்டேன். சத்தம்கூட பெருசா இல்ல. அடுத்த நொடி மெல்ட்டவுனைப் பார்க்கப் போயிட்டேன். நாள் முடிஞ்சுது, நல்ல ரேங்க் வந்துச்சு.

அடுத்த நாள் சேர்த்த ஆளுக்கு நான் பேர் மாத்தல. கேம் குடுத்த பேரையே விட்டுட்டேன். அதுக்கப்புறம் யாருக்கும் பேர் வைக்கல. இதை கவனிக்கவே எனக்கு பத்து நாள் ஆச்சு.


#17 எதிர்க்கட்சி

…

சரி. இதுக்கு நான் வாதம் பண்ண மாட்டேன்.

ஆனா ஒண்ணு கேக்கறேன். நீங்க ரீட்ரை பண்ணியிருக்கலாம்ல? நாளை முதல்ல இருந்து ஆடினா அவ உயிரோட இருப்பா.


#18 நள்ளிரவு_மேனேஜர்

பண்ணியிருக்கலாம். பண்ணல. எனர்ஜி சேர்ந்துடுச்சு, தூக்கம் வந்துச்சு. அவ்ளோதான் காரணம்.


#19 கண்ணாடிப்பெட்டி

அண்ணா, படிச்சதுல இருந்து ஒரு மாதிரி இருக்கு. என்கிட்டயும் அந்தத் தோட்டா இருக்கு, ஐகானைப் பார்த்திருக்கேன், எதிரிக்குன்னு நினைச்சேன்.


#20 புதுவிருந்தாளி

அலெஃப் வகுப்புல ஒண்ணு இருக்கு, உங்க ஆள் மாதிரியே [மட்டுறுத்துநர்: நீக்கப்பட்டது. விதி #5-இல் உள்ளது.]


#21 பழைய_கோப்பு

தம்பியின் கேள்விக்கு வருவோம், இல்லையென்றால் இழை எங்கேயோ போய்விடும்.

மூன்று பேரை வைத்துக்கொண்டு 24-ஐத் தாண்ட முடியாது. புது ஆட்களை எடுத்தாலும் பயிற்சி இல்லாதவர்களைப் பெரிய ஜந்துக்களிடம் அனுப்புவது பலி கொடுப்பதுதான். உங்களுக்கு மூன்று வழி. அன்றைய நாளைத் திரும்ப ஆடுவது, அதை நீங்களே தடை செய்துகொண்டீர்கள். மெமரி ரெப்பாசிட்டரி ஐந்து நாளுக்கு ஒரு முறை வைத்திருக்கும் பதிவுக்குத் திரும்புவது. அல்லது முதல் நாளுக்கே போவது.

முதல் நாளுக்குப் போங்கள். தோல்வி என்று நினைக்காதீர்கள். ஊழியர்கள் போவார்கள், கட்டடம் போகும், ஆனால் ஜந்துக்களைப் பற்றித் திறந்த கோப்புகள் அப்படியே இருக்கும். ஜந்துக்களிடமிருந்து எடுத்த ஈகோ ஆயுதங்களும் கவசங்களும் இருக்கும். முதல் வாரத்திலேயே உங்கள் புது ஆட்கள் நல்ல கவசத்தோடு நிற்பார்கள். டெடி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தாளிலேயே இருக்கும்.

ரீட்ரை செய்வது ஏமாற்று என்று நினைக்கிறீர்கள். கதை வேண்டாம் என்றீர்கள், ஆகையால் இவ்வளவு மட்டும்: திரும்பத் திரும்ப ஆரம்பிப்பது இந்தக் கதைக்கு வெளியே நடக்கிற காரியம் இல்லை. மேனேஜருக்கு உதவியாக இருக்கும் ஏ.ஐ. ஏஞ்சலா உங்களிடம் பேசும் தொனியை இரண்டாவது சுற்றில் கவனித்துக் கேளுங்கள்.


#22 எதிர்க்கட்சி

இதுல ஐயா கூட உடன்படறேன், முதல் நாளுக்குப் போங்க. ஆனா சும்மா போகாதீங்க, வேலை தெரிஞ்சு போங்க. நான் திட்டினாலும் ரெண்டு தடவை முடிச்சவன். சில விஷயம்:

ஆள் ஒவ்வொருத்தரையும் ஒரே குணத்துல ஏத்தாதீங்க. இன்ஸ்டிங்க்ட் செஞ்சா உயிர், இன்சைட் செஞ்சா மனநிலை, அட்டாச்மென்ட் செஞ்சா வேலைத்திறன், ரிப்ரெஷன் செஞ்சா அடிக்கற வேகமும் நடக்கற வேகமும் ஏறும். நாலும் சமமா ஏறினாதான் பின்னாடி நிலைக்க முடியும். முக்கியமா மனநிலை. நேத்து உங்களுக்குப் பறவை கொன்னது ஒருத்தரைத்தான், மத்தவங்க செத்தது பயத்துல.

புது ஜந்து வந்தா முதல்ல கெட்டிக்காரனை அனுப்பாதீங்க. கல் மனசாட்டம் இருக்கும், ஆனா அதான் நடைமுறை.

கவசம் எந்த நிற அடியைத் தாங்கும்னு பார்த்துப் போடுங்க. அழகா இருக்குன்னு போடாதீங்க. வெளிறின அடி உயிர்ல இத்தனை சதவீதம்னு எடுக்கும், அதுக்கு உயிர் அதிகமா இருக்கறது உதவாது.

செஃபிரா ஒவ்வொருத்தருக்கும் ஒரு சோதனை வரும். மல்குத்தோடதுல நீங்க குடுக்கற வேலை வேற வேலையா மாறிடும், இன்ஸ்டிங்க்ட் அமுக்கினா வேற எதுவோ நடக்கும். யெசோதோடதுல திரையே கட்டம் கட்டமா மங்கிடும். பயப்படாம அமைதியான ஜந்துங்களை வெச்சு ஒப்பேத்துங்க. இந்த ரெண்டையும் மட்டும் நான் பாராட்டுவேன். மேனேஜருக்கு இருக்கறதே கண்ணும் பட்டனும்தான், அது ரெண்டையும் புடுங்கிட்டு நிர்வாகம் பண்ணுங்கறான். இங்க விதி என்னன்னு முதல்லயே சொல்லிடறான், அதனால இது நியாயமான பயம்.


#23 மூணாவது_ஷிஃப்ட்

திட்டிட்டே ரெண்டு தடவை முடிச்சிருக்கார் பாருங்க 😂😂


#24 எதிர்க்கட்சி

திட்டறதுக்குத் தகுதி வேணும்ல.


#25 மருந்துப்பெட்டி

டெடி ரூமுக்கு யார் கடைசியா போனாங்கன்னு கேம் எங்கயாவது காட்டுமா? நான் நோட்டுல எழுதி வெச்சிட்டு இருக்கேன்.


#26 நள்ளிரவு_மேனேஜர்

நோட்டே நல்லது.


#27 கண்ணாடிப்பெட்டி

நாலு நாள் கழிச்சு வர்றேன். முதல் நாளுக்குப் போயிட்டேன். ஐயா சொன்னது நிஜம், கவசம் எல்லாம் இருக்கறதால முதல் வாரம் வெண்ணெய் மாதிரி போச்சு. எல்லாருக்கும் பேர் வெச்சிருக்கேன், நள்ளிரவு அண்ணாவுக்காக ஒருத்திக்கு நீல முடி. டெடி மறுபடி வந்துச்சு, ரெண்டு பேரை மாத்தி மாத்தி அனுப்பறேன், கட்டிப்பிடிக்கறதுக்கு ஆள் கிடைக்காம உட்கார்ந்திருக்கு. குட்டிப் பறவை வெளிய வந்துச்சு, எல்லாரையும் கையைக் கட்டிட்டு நிக்கச் சொன்னேன். கொத்தட்டும்.

ஏஞ்சலா பேசற தொனியைக் கேட்டேன் ஐயா. இப்ப அவங்க வாயைத் திறந்தாலே எனக்கு ஒரு மாதிரி ஆகுது.

14-வது நாள். இதுவரைக்கும் ஒருத்தர்கூட சாகல. அதுக்கு முக்கியக் காரணம் இந்தச் சுத்துல கிடைச்ச ஒரு புது ஜந்து. ஸாயின்தான், ஆபத்தே இல்ல. பறவை மூக்கு மாதிரி முகமூடி போட்ட ஒரு டாக்டர். வேலை நல்லபடியா முடிஞ்சா போனவரை அணைச்சு ஆசி குடுக்கறார், உயிரும் மனநிலையும் ஏறிடுது. புது ஆளா அனுப்பினாதான் ஆசி, அதனால அடிபட்டவங்களை ஒவ்வொருத்தரா அவர்கிட்ட அனுப்பிடறேன். ரொம்ப நல்ல மனுஷன்.


#28 மூணாவது_ஷிஃப்ட்

தல


#29 எதிர்க்கட்சி

எத்தனை பேர்?


#30 கண்ணாடிப்பெட்டி

என்ன எத்தனை பேர்? ஆசி வாங்கினவங்களா? எட்டு. ஏன்?

ஒவ்வொரு தடவையும் அவர் தோற்றம் கொஞ்சம் மாறற மாதிரி இருக்கு, அது என் பிரமையான்னு தெரியல.


#31 மட்டுறுத்துநர்

விதி #5 இன்னும் நடைமுறையில்தான் இருக்கிறது. இழை தொடங்கியவரே கேட்டால் தவிர யாரும் எதுவும் சொல்லக் கூடாது.


#32 எதிர்க்கட்சி

மாடரேட்டர், இது அநியாயம்.


#33 பழைய_கோப்பு

தம்பி, ஒன்றே ஒன்று. அந்த மண்டையோடு இந்தச் சுற்றிலும் உங்களிடம் இருக்கிறதா?


#34 கண்ணாடிப்பெட்டி

ஒன் சின்னா? இருக்கு ஐயா. அதே மூலையில அதே மாதிரி சும்மா தொங்கிட்டு இருக்கு.

எல்லாரும் ஏன் இப்படிப் பேசறீங்க? சொல்லாதீங்க, நானே கண்டுபிடிக்கறேன். கோப்புல இன்னும் ரெண்டு வரி திறக்கணும், அதுக்குப் பெட்டி பத்தல. நீல முடிக்காரிக்கு நேத்து செம அடி, இப்பதான் டாக்டர் ரூமுக்கு அனுப்பினேன்.


#35 நள்ளிரவு_மேனேஜர்

ஒன்பது.